ஊத்தா, வொத்தா?

செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட ஒருத்தி கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவாள் என்றால் நம்புவீர்களா? நானும் நம்பியிருக்க மாட்டேன். நாங்கள் அந்தக் காம்பவுண்டுக்குக் குடிவந்த புதிதில், பக்கத்துப் போர்ஷன்காரி கையில் சொம்போடு கறிவேப்பிலைச் செடி முன்னால் குனிந்து நின்று, "ஊத்தட்டுமா?" என்று கேட்டதைப் பார்த்தேன். சரிதான், நல்ல ஆளுக்குப் பக்கத்தில்தான் வந்து மாட்டியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டதோடு விட்டாளா? பதிலுக்குக் காத்துக்கொண்டு வேறு நின்றாள். செடி என்ன சொல்லிற்றோ, பிறகுதான் ஊற்றினாள். ஊற்றி முடித்ததும் நாலு கொத்து இலையை ஒடித்து மடியில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். செடி என்னுடையது. நான் பழைய வீட்டிலிருந்து தொட்டியோடு தூக்கிவந்து வைத்தது. இலை ஒடிப்பதற்கு என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் குணம் அப்படித்தான். தண்ணீருக்குக் கேட்பாள், மற்ற எதற்கும் கேட்க மாட்டாள். என் வீட்டுச் சீப்பு அவள் வீட்டில் இருக்கும். என் அரிசி முறம் அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும். நான் வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள். துணி வெட்டும் கத்தரிக்கோலை வேறு எதற்கும் தொடக்கூடாது, தொட்டால் முனை போய்விடும். அதை எடுத்துப்போய்ப் பால் பாக்கெட் வெட்டுவாள். நான் கத்துவேன். கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, "ஏன் வதினா, வாய் வலிக்கலியா?" என்று கேட்டுச் சிரிப்பாள். அதற்குமேல் ஒரு மனுஷி எப்படிக் கோபமாக இருக்க முடியும்?

வதினா என்பது தெலுங்கில் அண்ணி. அவள் நகரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். கட்டிக்கொடுத்தது திருத்தணியில். நாங்கள் குடிவந்த அன்றே என்னை வதினா ஆக்கிவிட்டாள். நானும் சளைக்காமல் அவளை வதினா என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அண்ணி என்று கூப்பிட்டால் இதில் யாருக்கு யார் அண்ணன் என்று என் கணவர் கேட்பார். கடைசிவரை அந்தக் கணக்கு யாருக்கும் பிடிபடவில்லை. அவள் பேரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

அவள் பேச்செல்லாம் தமிழ்தான். ஆனால் தூக்கம் வந்தால் தெலுங்கு. கோபம் வந்தால் தெலுங்கு. ஒன்று வேண்டாம் என்றால் அதுவும் தெலுங்கு. 'வேணாம்' என்ற சொல்லை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. 'வொத்து' என்பாள். ரெண்டு வாய் சாப்பிடு வதினா என்றால், வொத்து. இந்தச் சாயம் உனக்கு நல்லா இருக்கும், ஒரு ஜாக்கெட் தைக்கட்டுமா என்றால், வொத்து. சொல்லும்போதே முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வாள். அப்படித் திருப்பிவிட்டால் முடிந்தது. மலையே இறங்கி வந்து கேட்டாலும் அவள் முகம் இந்தப் பக்கம் திரும்பாது.

ஒல்லியாக, உயரமாக இருப்பாள். புடவையை எப்போதும் தூக்கிச் செருகியிருப்பாள். காலில் ஈரம் காய்ந்து நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்குள் அவள் வந்து போனதைத் தரையில் இருக்கும் ஈரக் காலடியை வைத்தே சொல்லிவிடலாம். அப்புறம் உள்ளே போய் எது காணோம் என்று தேட வேண்டியதுதான்.

எங்கள் தெருவில் ஒன்றுவிட்டு ஒருநாள்தான் நகராட்சித் தண்ணீர் வரும். காம்பவுண்டுக்கு ஒரே குழாய். தண்ணீர் விடும் காலையில் அங்கே நடப்பது குழாயடியா குஸ்தி மேடையா என்று வெளியாளுக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் போய் நின்றுகொண்டு இவள், "நான் பிடிக்கட்டுங்களா?" என்று கேட்பாள். கேட்டுக்கொண்டே நின்றால் எவள் விடுவாள்? இவளுக்கு முன்னால் ரெண்டு குடம் உள்ளே நுழைந்துவிடும். நான்தான் இடுப்பால் ஒரு இடி இடித்து அவள் குடத்தையும் சேர்த்து வைப்பேன். நான் பொறுமைக்காரி இல்லை. எதிலும் எனக்குச் சட்புட்டென்று ஆக வேண்டும். தைக்கும்போதுகூட மிஷின் என் காலுக்கு ஈடுகொடுக்காது.

அவளுக்கு ரெண்டும் பெண். பெரியவள் சொன்ன பேச்சைக் கேட்பாள். சின்னவள் குளிக்க மாட்டாள். காலையில் இவள் வெந்நீர் விளாவிவிட்டு, "ஊத்தட்டுமா?" என்பாள். சின்னது "வொத்து" என்று அம்மாவைப் போலவே முகத்தைத் திருப்பும். அவ்வளவுதான், சொம்பைக் கீழே வைத்துவிடுவாள். பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குக் கை பரபரவென்று வரும். நாலு நாள் குளிக்காமல் அது பள்ளிக்கூடம் போய், டீச்சர் அம்மாவைக் கூட்டிவரச் சொல்லி ஆளனுப்பினார்கள். இவள் போய் நின்று, "தினமும் கேட்டுகினுதாங்க இருக்கேன். வொத்துன்றா" என்றிருக்கிறாள். டீச்சருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லையாம். துடைத்துவிடவாவது செய்யுங்கள் என்று அனுப்பிவைத்தார்களாம். வந்து மகளைக் கேட்டாள், துடைக்கட்டுமா என்று. அதற்கும் வொத்து.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, என் மகள் விஷயம் வரும்வரை.

என் மகள் மாதம் நிறையாமல் பிறந்தவள். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். மற்றக் குழந்தைகள் தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிற வயதில் இவளுக்கு உட்காரவே ஆள் பிடிக்க வேண்டும். கால் ரெண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விறைத்திருக்கும். கை எப்போதும் மூடினது மூடினபடி. பேச்சு இல்லை. மூன்று வயதாகப் போகிறது, அம்மா என்றுகூட ஒரு சத்தம் இல்லை.

சென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் காட்டினோம். பிசியோதெரபி பிரிவில் ஒரு சின்னப் பெண், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். மூளையிலிருந்து காலுக்குப் போகிற சொல் சரியாகப் போய்ச் சேரவில்லை, அதனால்தான் தசை இறுகுகிறது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் மார்பளவு உட்காரவைத்தால் இறுக்கம் கொஞ்சம் இளகும். இளகியிருக்கும்போது காலை மெல்ல மடக்கி நீட்டலாம், கையை விரிக்கலாம். இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், ஆனால் பயிற்சிக்கு உதவும், நன்றாகத் தூங்குவாள் என்றாள். அடிக்கடி ரயிலேறி இங்கே வர முடியாவிட்டால் வீட்டிலேயே செய்யலாமாம். ஆனால் சாப்பிட்ட கையோடு கூடாது, காய்ச்சலில் கூடாது, ஒரு நொடிகூடத் தொட்டியில் தனியாக விடக்கூடாது. பிடிக்க ஒருத்தர், பயிற்சி கொடுக்க ஒருத்தர், ரெண்டு பேர் கட்டாயம் வேண்டும்.

எல்லாம் கேட்டுக்கொண்டு கடைசியில், பேச்சு வருமா என்று கேட்டேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போதைக்குச் சொல்ல முடியாதுக்கா என்றாள். அதுதான் என்னைத் தின்றது. கால் எப்படியோ போகட்டும், தூக்கிக்கொண்டு அலைகிறேன். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. உள்ளே என் பெண் இருக்கிறாளா? நான் கொஞ்சுவதும் திட்டுவதும் அவளுக்குப் போய்ச் சேருகிறதா, இல்லை நான் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேனா?

சாமியானா கடையில் பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று கிடைத்தது. கல்யாணத்துக்குக் காய் கழுவுகிற பெரிய தொட்டி. தொட்டி ஆயிற்று, ரெண்டாவது ஆளுக்கு எங்கே போவது? என் கணவருக்குச் சென்னையில் கம்பெனி வேலை. விடிந்ததும் ரயிலுக்குப் போனால் வீடு திரும்ப விளக்கு வைத்துவிடும். நான் யாரையும் கேட்கவில்லை. தொட்டியை முற்றத்தில் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது ஈரக் காலோடு வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள் வதினா. அன்றையிலிருந்து என் ரெண்டாவது ஆள் அவள்தான். தண்ணீர் இல்லாத விஷயம் ஆகையால் வரட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, இன்னா காய் கழுவுறீங்க என்று கிண்டல் செய்வார்கள். "கேரட்டு" என்பாள் இவள் தலை நிமிராமல்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பாள். எனக்குப் போதும் என்று தோன்றும் சூட்டை அவள் முழங்கை ஒத்துக்கொள்ளாது, இன்னும் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் விடச் சொல்லும். அப்புறம் ஒரு சொம்பு மோந்துகொண்டு என் மடியில் இருக்கும் பாப்பாவின் முகத்துக்கு நேராக அவள் முகத்தைக் கொண்டுவருவாள்.

"பாப்பா, ஊத்தட்டுமா? ஊத்தா, வொத்தா?"

கேட்டுவிட்டு நிற்பாள். நிற்பாள். நிற்பாள்.

"தண்ணி ஆறிப்போவுது வதினா."

"இரு. கொயந்த இன்னும் சொல்லல."

"அது எப்படிச் சொல்லும்? பேசுற கொயந்தயா அது?"

"எப்படினா சொல்லும்."

எனக்கு எரிச்சலாக வரும். ஜாக்கெட் ரெண்டு வெட்டினபடி கிடக்கும், உலை வைக்க வேண்டும், இவளானால் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அதிலும் என்ன கேள்வி? ஊத்து, வொத்து, ரெண்டும் ஒரே சத்தம். காபியா டீயா என்று கேட்டாலாவது வித்தியாசம் இருக்கும் என்பேன். "கேக்குறவங்களுக்குத் தெரியும்" என்பாள். பாப்பாவின் கண் சொம்புப் பக்கம் போகும், இல்லையென்றால் கால் விரல் ஒன்று அசையும். உடனே, "ஆங், சரின்னுட்டா" என்று ஊற்றுவாள். முதலில் பாதம். அப்புறம் முட்டி. அப்புறம் இடுப்பு. பாதத்துக்குத் தெரிந்துவிட்டால் பாதம் மற்றதுக்கெல்லாம் சொல்லிவிடும் என்பது அவள் கட்சி. அதற்குப் பிறகுதான் தொட்டிக்குள் இறக்க விடுவாள்.

தண்ணீருக்குள் போனதும் அந்தப் பின்னின கால் கொஞ்சம் கொஞ்சமாக விலகுவதைப் பார்க்க வேண்டும். நான் தோளைப் பிடித்துக்கொள்வேன். அவள் காலை மடக்கி நீட்டுவாள், ஒவ்வொரு தடவையும் மடக்கட்டுமா நீட்டட்டுமா என்று கேட்டுக்கொண்டே. செவ்வந்திப் பூவைத் தண்ணீரில் மிதக்கவிடுவாள். அதைப் பிடிக்கப் பாப்பாவின் மூடிய கை மெல்லத் திறக்கும். துடைத்துப் படுக்கவைத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாள். அவள் தூங்கினால்தான் எங்கள் வீடு தூங்கும். அந்தத் தண்ணீரையும் நாங்கள் கொட்டிவிட மாட்டோம். துணி அலசுவோம், மிச்சம் செடிக்குப் போகும், செடி சரி என்று சொன்னால்.

என் நாத்தனார் ஒருமுறை ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்திறங்கினார். என் கணவரின் அக்கா. மனசில் ஒன்றும் இல்லாதவர், ஆனால் வாயில் எல்லாம் இருக்கும். இந்தக் கேள்வி பதிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பொறுக்கவில்லை.

"அதுக்கு இன்னா தெரியும்னு கேட்டுகினு நிக்கிற? எடுத்து ஊத்துவியா."

அது என்று அவர் சொன்னது என் பெண்ணை. எனக்கு நெஞ்சில் முள் குத்தினது. என் பயமும் அதுதானே. வதினா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லாமல், ஒரு கதை சொன்னாள்.

சின்ன வயசில் இவளுக்கு நம் திருத்தணி மலையில்தான் மொட்டை போட்டார்களாம். நகரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மொட்டை அடித்ததும் இவள் நைனாவின் தம்பி, சித்தப்பாதான், ரொம்பப் பிரியமான மனுஷன், இவளை அலாக்காகத் தூக்கிப்போய்க் கோயில் பொய்கைப் படியில் இறங்கித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கியிருக்கிறார். குழந்தைகள் எல்லாம் அலறுவதும் பெரியவர்கள் சிரிப்பதும் அங்கே தினமும் நடப்பதுதான். அவரும் சிரித்திருக்கிறார். இவளுக்கு மூச்சு முட்டவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, பயப்படக்கூட இல்லையாம்.

"கையில பிஸ்கோத்து வெச்சிருந்தேங்க. பாதிதான் தின்னிருந்தேன். தண்ணில கரைஞ்சி போயிருச்சி. ஒரு வார்த்த கேட்டிருந்தா தின்னுட்டு வந்திருப்பேன்."

நாத்தனார் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இவள் சிரிக்கவில்லை. அத்தனை வருஷம் கழித்தும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், "பாப்பா, ஊத்தட்டுமா?" என்று.

ஆடிக் கிருத்திகை வந்தால் இன்னும் வேடிக்கை. காவடி எடுத்து வருகிறவர்கள் வெறுங்காலோடு தாரில் நடந்து வருவார்கள். தெருக்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் வைத்துக்கொண்டு ரோட்டிலும் காலிலும் ஊற்றுவோம். கூட்டம் நெரியும், அரோகரா காதைப் பிளக்கும், அதில் யாரை நிறுத்தி யாரைக் கேட்பது? நான் வீசி வீசி ஊற்றுவேன். இவள் ஒவ்வொருத்தர் முன்னாலும் குனிந்து, "காலுக்கு ஊத்தட்டுங்களா?" என்பாள். பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு தடவை உடம்பெல்லாம் வேல் குத்திக்கொண்டு, கண் செருகி ஆடிவந்த ஒரு ஆளை இப்படித்தான் நிறுத்தினாள். போச்சு, மிதித்துத் தள்ளப்போகிறான் என்று நான் நினைத்தேன். அந்த ஆள் ஆட்டத்தை நிறுத்தி, இவளைக் குனிந்து பார்த்து, சாதாரணக் குரலில், "ஊத்தும்மா, ரொம்ப சுடுது" என்றார். ஊற்றினாள். அவர் மறுபடி ஆடிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு காலைப்பொழுது எனக்கு இன்னும் அப்படியே கண்முன் இருக்கிறது. தை மாசம். மலையில் பனி விலகவில்லை. தண்ணீர் வந்த நாள் ஆகையால் அண்டா நிறைய வெந்நீர் போட்டிருந்தோம். முழங்கை பார்த்தாயிற்று. பாப்பா என் மடியில் இருக்கிறாள். வதினா வழக்கம்போல முகத்துக்கு நேரே வந்து கேட்டாள். ஊத்தா, வொத்தா?

பாப்பாவின் வாய் கோணிற்று. எச்சில் வழிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வலிப்புதான் வருகிறது என்று நான் பதறி நிமிர்த்தப் போனேன். வதினா கையைக் காட்டி இரு என்றாள்.

"...ஒ...த்து."

இருமல் இல்லை. ஏப்பம் இல்லை. சொல். என் பெண்ணின் வாயிலிருந்து ஒரு சொல்.

ஊத்து என்று சொல்லிவிட்டாள், என் பெண் ஊத்து என்று சொல்லிவிட்டாள் என்று கத்திக்கொண்டே வதினா கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினேன். ஊற்றப் போன என் மணிக்கட்டை அவள் இறுக்கிப் பிடித்தாள்.

"வதினா, ஊத்தாத. கொயந்த வொத்துன்னா."

"ஊத்துன்னா. நான் கேட்டேன்."

"வொத்துன்னா வதினா."

நம்புவீர்களோ மாட்டீர்களோ, குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் ரெண்டு பேரும் சண்டை போட்டோம். பெற்றவள் எனக்குத் தெரியாதா உனக்குத் தெரியுமா என்று நான் கேட்டேன். மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த சொல். தமிழச்சி வயிற்றில் பிறந்த குழந்தை முதல் சொல்லைத் தமிழில்தானே சொல்லும்? அது ஊத்து என்றுதான் இருக்க வேண்டும் எனக்கு. வேண்டாம் என்று ஆரம்பிக்கிற குழந்தை எங்கே இருக்கிறது? அவள் என் கையை விடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"ஊத்துன்னு சொல்றதுக்கு வாய் எதுக்கு வதினா? நாமதான் தெனமும் ஊத்துறோமே. வொத்துன்னு சொல்றதுக்குத்தான் வாய் வேணும்."

நான் சொம்பை வைத்தேன். அவள் மறுபடி குனிந்தாள். "பாப்பா, இன்னொரு தபா கேக்குறேன். ஊத்தா, வொத்தா?"

"ஒத்து" என்றாள் என் பெண். சொல்லிவிட்டு, கழுத்தே நிற்காத என் பெண், அந்த முகத்தைக் கஷ்டப்பட்டு, இழுத்து இழுத்து, ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

வதினாவின் திருப்பல். அச்சு அசல் அதே திருப்பல்.

காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டேன். இல்லை. எங்கேயாவது புண்ணா, எறும்பு கடித்ததா என்று உடம்பெல்லாம் தேடினேன். ஒன்றுமில்லை. தண்ணீர் சூடா என்று கையை விட்டேன். பதமாக இருந்தது. அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று கேட்டேன். "வொத்துன்னா வொத்து. உனுக்கு ஒரு நாளு சமைக்க வொத்துன்னு தோணாது?" என்றாள் வதினா. நான் பாப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். உள்ளே ஆள் இருக்கிறாள். இருப்பது மட்டும் இல்லை, எனக்கு இன்றைக்கு இது வேண்டாம் என்று சொல்லுகிற அளவுக்கு முழுசாக இருக்கிறாள்.

அந்த அண்டா வெந்நீர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வதினா தன் சின்னவளைக் கேட்டாள். என்ன நினைத்ததோ, சரி என்றுவிட்டது. பாவாடையோடு தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, என் பெண் பார்க்கப் பார்க்க அவள் செவ்வந்திப் பூவையும் பிடித்து விளையாடியது. இறங்கி வந்தபோது தண்ணீர் கலங்கியிருந்ததைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் கைகால்கூடக் கழுவாமல் காலி டம்ளரை வைத்துக்கொண்டு பாப்பா முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஊத்தட்டுமா என்று கேட்பார், அவள் ஒத்து என்பாள், இவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார், மறுபடி கேட்பார். பிறகு கொஞ்ச காலத்துக்கு எங்கள் வீட்டில் எல்லாமே வொத்துதான். சோறு வொத்து. ஸ்வெட்டர் வொத்து. நாத்தனார் தூக்க வந்தால் கட்டாயம் வொத்து. பேச ஆரம்பித்ததே தெலுங்கிலா என்று அவர் அங்கலாய்த்தார். எந்த மொழியாக இருந்தால் என்ன, சொல்லட்டும் என்றேன். அப்புறம் அம்மா வந்தது, அத்த வந்தது. அத்த என்றால் வதினா.

அவள் கணவர் பவர்லூமில் வேலை பார்த்தவர். நகரியில் இருந்த அவர் பாவா, அக்கா வீட்டுக்காரர், சொந்தமாகத் தறி போடுகிறேன், கூட வா என்று அழைக்க, காலி செய்துகொண்டு போனார்கள். சாமான் ஏற்றின வேனில் என் முறமும் இருந்தது. பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. பாப்பா அழுத அழுகையை எழுதினால் எனக்கு இப்போதும் தாங்காது. அப்போது அவளுக்குப் பிடித்துக்கொண்டு நிற்க வந்திருந்தது. வண்டி திருப்பம் தாண்டும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பக்கம்தான், திருப்பதி பஸ்ஸில் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம். ஆனாலும் நல்லது கெட்டதுக்குத்தான் போக முடிந்தது. போன் வந்த பிறகு வீடியோவில் வருவாள். பெரியவளின் குழந்தையைத் தான் குளிப்பாட்டுவதை எங்களுக்குக் காட்டுவாள். அங்கேயும் அதே கேள்வி. பேரன் பிறந்து மூன்று மாசம் ஆகியிருக்காது, அவனைப் போய்க் கேட்டுக்கொண்டு நிற்பாள். போனுக்கு இந்தப் பக்கம் பாப்பா சிரித்துச் சிரித்துப் புரள்வாள்.

பாப்பா இப்போது பெரிய பெண். வாக்கர் வைத்துக்கொண்டு நடக்கிறாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் டைப் செய்கிறாள். பேச்சு உண்டு, ஆனால் ஒவ்வொரு சொல்லும் வழியில் நின்று நின்றுதான் வரும். அவசரக்காரர்கள் அவள் வாக்கியத்தை அவர்களே முடித்துவிடப் பார்ப்பார்கள். விட மாட்டாள். கையைக் காட்டி நிறுத்துவாள், முதலிலிருந்து சொல்லுவாள். கேட்க வந்தவர் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

போன மாசி மாசத்தில் ஒருநாள் காலை வதினாவின் சின்னவள் போன் செய்தாள். அம்மா எழுந்து வாசல் தெளிக்கப் போனவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. நான் போனைக் கீழே வைத்தேன். பாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவளே என் முகத்தைப் பார்த்து, "அத்தயா?" என்றாள்.

ரெண்டு பேரும் பஸ் பிடித்துப் போனோம். போய்ச் சேரும்போது குளிப்பாட்டுகிற நேரம். வீட்டுக்குப் பின்னால் பலகை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். சுற்றிப் பெண்கள் புடவையை விரித்து மறைப்புப் பிடித்துக்கொண்டு, முகத்தை வெளிப்பக்கம் திருப்பி நின்றார்கள். அதில் ஒரு முனை சின்னவள் கையில். நாங்கள் உள்ளே போனோம். அமரர் ஊர்தி வந்துவிட்டது, சீக்கிரம் ஆகட்டும் என்று வெளியே ஆண்கள் அவசரப்படுத்தினார்கள். உறவுக்கார அம்மா ஒருவர் குடத்தைத் தூக்கித் தலைக்கு நேராகச் சாய்க்கப் போனார்.

"இருங்க" என்றாள் பாப்பா.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். பாப்பாவின் வாய் கோணிற்று, கழுத்து நரம்பு புடைத்தது. சொல் வழியில் நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அத்தயக்... கேட்டீங்களா?"

பாதிப் பேருக்கு அவள் சொன்னது புரியவில்லை. புரிந்த பாதிப் பேர் குடத்தை இறக்கச் சொன்னார்கள். நான் ஒரு சொம்பு மோந்து பாப்பா கையில் கொடுத்தேன். ஒரு கை வாக்கரில், ஒரு கை சொம்பில். மெல்ல மெல்ல நகர்ந்து போய், முடிந்த மட்டும் குனிந்து, தன் முகத்தை வதினாவின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாள்.

"அத்த, ஊத்தட்டுமா?"

கேட்டுவிட்டு நின்றாள். வெளியே யாரோ மறுபடி அவசரப்படுத்தினார்கள். எனக்கு அன்றைக்கு ஒரு அவசரமும் இல்லை. நாள் முழுக்க வேண்டுமானாலும் நின்றிருப்பேன். தண்ணீர் ஆறினால் ஆறட்டும்.

மறைப்புப் புடவையைப் பிடித்திருந்த சின்னவள் இந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"ஊத்து பாப்பா. வொத்துன்னா அம்மா தலையத் திருப்பியிருக்கும்."

பாப்பா முதலில் பாதத்தில் ஊற்றினாள்.